தொண்ணூற்று நாலைத் தாண்டாத லைன்

ஓடிபி கிடையாது

“வேலைய முடிங்க, நம்பர் சொல்றேன். முடிக்காம நம்பர் கேட்டா கெடையாது.”

திருவேற்காட்டில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சுபாஷினி சொன்ன முதல் பேச்சு இதுதான். வணக்கமும் இல்லை, வாங்கவும் இல்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் இன்டர்நெட் கம்பெனியில் ஒரு கம்ப்ளெயின்ட்டை மூட வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் போனுக்கு ஓர் எண் வரும். அதை அவர் சொல்லி, நாங்கள் ஆப்பில் போட்டால்தான் டிக்கெட் க்ளோஸ் ஆகும். பிரச்சினை தீர்ந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆனால் எனக்கு முன்னால் வந்தவர்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, “ஓடிபி சொன்னாத்தான் மேல இருந்து பெரிய ஆள அனுப்புவாங்க மேடம்” என்று ஒவ்வொரு முறையும் அவளிடம் எண்ணை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வேகம் அப்படியே இருந்தது. கம்பெனிக் கணக்கில் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டிருந்தது.

அந்தப் பெரிய ஆள் நான்தான். பெயர் கஸ்தூரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் பல வருஷம் லைனில் நின்றவள். அதை மூடியபோது கையில் இருந்த ஒரே தொழில் ஒயர் பிடிப்பதுதான். அதை வைத்து இந்த வேலைக்கு வந்தேன். இன்று எங்கள் ஏரியாவில் ஃபீல்டில் இருப்பவர்களில் நான்தான் சீனியர். புதிதாகச் சேரும் பெண் பிள்ளைகள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குக் கீழே கேட்டிலேயே ஒரு சண்டை முடிந்திருந்தது. செக்யூரிட்டி என் டூல் பையைப் பார்த்துவிட்டு, “ஆம்பள யாரும் வர்லியாம்மா?” என்றார்.

“வர்ல. நான்தான் வந்துகீறேன். கேட்டத் தெற.”

அந்தச் சூட்டோடு மேலே போனால் அங்கே இன்னொரு சூடு. எனக்குச் சுபாஷினியை உடனே பிடித்துவிட்டது.

போடிநாயக்கனூர்ப் பெண். முப்பது வயது இருக்கும். ஒரு வண்டி விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ஸ்கேன் படங்களைச் சரிபார்த்து, டாக்டர்களுக்கு அடுக்கி அனுப்பும் வேலை. ஒவ்வொரு ஃபைலும் யானைக்குட்டி மாதிரி. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒயர் கனெக்‌ஷனில் குறைந்தது இருநூறு எம்பிபிஎஸ் வேகம் வைத்திருக்க வேண்டும் என்பது அவள் ஆபீஸின் சட்டம். வைஃபை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் காசு கட்டியது முந்நூறுக்கு. வந்தது நூறுக்கும் கீழே.

“இந்த மாசம் முடியுறதுக்குள்ள சரியாகலைன்னா ஓஎம்ஆர் ஆபீஸுக்கு வந்துரணும்னு மெயில் போட்டுட்டாங்கக்கா. அங்க லிஃப்ட் இருக்கு. ஆனா அந்த லிஃப்டுக்குப் போகவே நாலு படி ஏறணும். என்னையத் தூக்கிட்டுப் போக ஆள் வைக்கிறாங்களாம். நான் என்ன பார்சலா?”

எட்டில் நாலு

ரவுட்டர் ஹாலில், வாசல் கதவை ஒட்டி இருந்தது. கம்ப்யூட்டர் படுக்கையறையில். இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் பில்டர் விட்ட பைப்பில் ஒயர் ஓடியது. சுவரில் ஹாலில் ஒரு சாக்கெட், படுக்கையறையில் ஒரு சாக்கெட்.

என் லேப்டாப்பை ரவுட்டரில் நேராகச் சொருகிப் பார்த்தேன். முந்நூறு சுத்தமாக வந்தது. கம்பெனி விதிப்படி என் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ரவுட்டர் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு.

படுக்கையறைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் தொண்ணூற்று நாலு.

“எத்தன வாட்டி போட்டாலும் இதேதான்கா. காலைல, மத்தியானம், சாயங்காலம் எல்லாம் பாத்துட்டேன். லைன்ல கூட்டமா இருந்தா ஏறி எறங்கணும்ல? இது சுவத்துல முட்டுன மாதிரி அதே எடத்துல நிக்குது.”

அவள் சொன்னதில்தான் பாதி விடை இருந்தது. ஏறி இறங்கும் வேகம் வேறு நோய். ஒரே இடத்தில் நிற்கும் வேகம் வேறு நோய். தொண்ணூற்று நாலில் நிற்கிறது என்றால் இரண்டு முனைகளும் தங்களுக்குள் ‘நூறில் பேசிக்கொள்வோம்’ என்று முடிவு செய்துவிட்டன என்று அர்த்தம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து பார்த்தோம். லிங்க் ஸ்பீடு நூறு என்றே காட்டியது. ஆயிரம் காட்ட வேண்டிய இடம் அது.

ஏன் நூறு? கம்ப்யூட்டரிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் சின்ன ஒயரை மாற்றினேன். நூறுதான். ரவுட்டரில் வேறு போர்ட்டில் சொருகினேன். நூறுதான். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் என் லேப்டாப்பை மாட்டினேன். அதுவும் நூறு. ஹாலில் முந்நூறு ஓடிய அதே லேப்டாப். ஆக, கம்ப்யூட்டர் மேல் குற்றம் இல்லை. மிச்சம் இருந்தது சுவர்.

லேன் டெஸ்டர் என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி உண்டு. இரண்டு துண்டுகள். ஒன்றை இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் சொருகினால், ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளுக்கும் வரிசையாக விளக்கு எரியும். ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைச் சுபாஷினி கையில் கொடுத்தேன்.

“ஒண்ணு எரியுது. ரெண்டு. மூணு. நாலு இல்ல. அஞ்சு இல்ல. ஆறு எரியுது. ஏழு, எட்டு ரெண்டும் இல்லக்கா.”

எட்டில் நாலுதான். நாலு கம்பி இருந்தால் நூறு வரை ஓடும். அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். படுக்கையறைச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றினேன். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் நெட்வொர்க் ஜாக்கில் இருந்தன. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் பிரிந்து பக்கத்தில் இருந்த இன்டர்காமுக்குப் போயிருந்தன. இரண்டு ஒயர் இழுக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒயரை இழுத்து, பாதியை இதற்கும் பாதியை அதற்கும் கொடுத்திருந்தார்கள்.

“இன்டர்காமக் கழட்டிட்டா எட்டும் இதுக்குக் கெடைக்கும்மா. பத்து நிமிஷ வேலை” என்றேன்.

“கீழ பார்சல்காரன் வந்தா, டாக்டர் வந்தா, செக்யூரிட்டி அதுலதான் கூப்பிடுறாரு. நான் எந்திரிச்சுப் போய் எட்டிப் பாக்க முடியுமா? ரெண்டுமே எனக்கு வேணும்கா. ரெண்டுக்கும் வாடகை குடுக்குறேன். ஒண்ணுக்காக இன்னொண்ண ஏன் விடணும்?”

நியாயமான பேச்சு. கழட்டும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

யார் போட்ட ஒயர்

சூப்பர்வைசர் குமரேசனுக்குப் போன் போட்டேன். என்னைவிட வயதில் சிறியவர், பதவியில் பெரியவர்.

“இன்னாக்கா, முட்ச்சிட்டியா?”

“ஒயர் பாதிதான் கீது. நாலு கம்பி நெட்டுக்கு, நாலு இன்டர்காமுக்கு. புதுசா இழுக்கணும்.”

“ரவுட்டராண்ட ஸ்பீடு வருதா இல்லியா?”

“வருது.”

“அத்தோட நம்ம கத முடிஞ்சிது. கஸ்டமர் பிசி பிராப்ளம்னு போட்டுட்டு, நைஸா பேசி ஓடிபிய வாங்கிகினு வந்துகினே இரு.”

“அந்தம்மா கம்ப்யூட்டர் நல்லாத்தான் கீது. என் லேப்டாப்ல போட்டாலும் நூறுதான் வருது.”

குமரேசன் குரலைத் தணித்துக்கொண்டார். “அக்கா, புரியாம பேசாத. அந்த பில்டிங் கட்டச்சொல்ல ஒயரிங் போட்டது யார்னு நெனச்ச? நம்ம காண்ட்ராக்ட் ஆளுங்கதான். செக் பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட்டது நானு. ஒரு ஊட்ல தப்புன்னா எல்லா ஊட்லயும்தான் தப்பு. யார் தலைல உழும்?”

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தக் கட்டடம் முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் இதே பாதி ஒயர்தான் இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் வைஃபையில் ஓட்டுவதால் யாருக்கும் தெரியவில்லை. ஒயர் சொருகி வேலை செய்யும் ஒருத்திக்குத் தெரிந்தது. அவளைத்தான் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார்கள்.

“யார் தலைல உழுமோ உழட்டும். பிசி மேல நான் போட மாட்டேன்” என்று வைத்துவிட்டேன்.

ஆப்பில் காரணம் எழுதும் இடத்தில், ‘கட்டட உள் ஒயரிங் கோளாறு, இரண்டு ஜோடி மட்டுமே இணைப்பில் உள்ளது’ என்று எழுதினேன். சாக்கெட்டின் படத்தையும் சேர்த்தேன். டிக்கெட்டை மூடவில்லை. சுபாஷினியிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் எனக்கு ஆவடியில் ரூட், அதாவது அன்றைக்குப் போக வேண்டிய வீடுகளின் பட்டியல், போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது அவள் கூப்பிட்டாள். எடுத்ததும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“அக்கா, நீங்களுமா?”

“இன்னாம்மா ஆச்சு?”

“உங்க கம்பெனியில இருந்து மெசேஜ் வந்துருக்கு. வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுருக்கு. என் ஆபீஸ்ல லைன் ரிப்போர்ட் கேட்டாங்க, இத அனுப்புனா என் வேலை அம்புட்டுதான். வீட்டு ஓனர்கிட்ட ஒயர் மாத்தணும்னு கேட்டேன். கம்பெனிக்காரனே பிசின்னு சொல்லும்போது சுவத்த ஏன் தொடணும்ங்கிறாரு. உங்க சூப்பர்வைசர் இப்ப இங்கதான் உக்காந்துருக்காரு. ஓடிபி வேணுமாம்.”

நான் எழுதியதைக் குமரேசன் மாற்றியிருந்தார். என் பெயரில் போன ரிப்போர்ட்டில் நான் பார்க்காத ஒன்றை எழுதியிருந்தார்.

ஏணியிலிருந்து இறங்கினேன். அந்த வீட்டு வேலை முடிகிற நிலையில் இருந்தது, முடித்துக்கொடுத்தேன். அடுத்த வீடு ஆவடியிலேயே இருந்தது. அவர்களைக் கூப்பிட்டுத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருவேற்காட்டுக்குத் திருப்பினேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் தனியாகப் பேசிக்கொண்டே போனேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஹாலுக்குக் குறுக்கே

கதவு திறந்தே இருந்தது. ஹால் சோபாவில் குமரேசன். எதிரில் வீட்டு ஓனர் வரதராஜன். மேல் மாடியில் இருப்பவர், அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். நடுவில் சுபாஷினி, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் குமரேசன் எழுந்தார். “ஒன்ன ஆவடிலதான போட்டேன்? இங்க இன்னா பண்ற?”

“என் பேர்ல போன ரிப்போர்ட்டப் பத்திப் பேச வந்துகீறேன்.”

“கெளம்புக்கா. நான் பாத்துக்கறேன்.”

“கெளம்ப மாட்டேன்.”

சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டூல் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வரதராஜன் குறுக்கிட்டார். “இதோ பாருங்கம்மா, இப்பத்தான் பெயின்ட் அடிச்சு விட்டிருக்கேன். இவர் பிசி கோளாறுங்கறார். நீங்க சுவர்ங்கறீங்க. ஒரே கம்பெனில ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா நான் யாரை நம்பறது?”

“யாரையும் நம்பாதீங்க சார். உங்க கண்ணால பாருங்க.”

ஸ்கூட்டரிலிருந்து ஒயர் பெட்டியைக் கொண்டுவந்தேன். ஹாலில் உட்கார்ந்து நீளமாக ஒரு துண்டு வெட்டி இரண்டு முனையிலும் ஜாக் அடித்தேன். குமரேசன் யாருக்கோ போன் செய்ய வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். நான் நிமிரவே இல்லை. ஒரு முனையை ரவுட்டரில் சொருகி, ஒயரை ஹாலுக்குக் குறுக்கே, சாப்பாட்டு மேசைக்கு அடியில், படுக்கையறை வரைக்கும் தரையிலேயே ஓட்டினேன். சுபாஷினி சக்கரம் ஏறாதபடி ஓரமாக ஒதுங்கிப் பின்னாலேயே வந்தாள். சுவர் சாக்கெட்டைத் தொடாமல் மறுமுனையை அவள் கம்ப்யூட்டரில் நேராகச் சொருகினேன்.

“நீயே போடும்மா” என்றேன்.

அவள் டெஸ்ட்டை அமுக்கினாள். முள் தொண்ணூற்று நாலைத் தாண்டியது. நூற்றைம்பது. இருநூறு. முந்நூறைத் தொட்டு நின்றது. அவள் இன்னொரு தடவை அமுக்கினாள். மறுபடியும் முந்நூறு.

வரதராஜன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “பிசிய மாத்தல. ரவுட்டர மாத்தல. மாறினது ஒயர் மட்டுந்தான். சரிதானே?”

“சரி சார்.”

“அப்போ மேல என் வீட்லயும் இப்படித்தான் இருக்குமா?”

“பாக்காம சொல்ல மாட்டேன் சார்.”

அவர் குமரேசனைத் திரும்பிப் பார்த்தார். குமரேசன் சட்டென்று சுபாஷினி பக்கம் போனார். “மேடம், ஒண்ணு பண்ணலாம். நம்ம சைடுலர்ந்து ஒங்களுக்கு ஐநூறு பிளான் ஃப்ரீயா போட்டுத் தரேன். அப்கிரேடு பண்ணிட்டா பிராப்ளமே இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“ஐநூறு குடுத்தாலும் ஆயிரம் குடுத்தாலும் இந்தச் சுவத்துக்குள்ள நூறுதான் சார் போகும். எனக்கு ஃப்ரீ எதுவும் வேணாம். காசு குடுத்தது வந்தாப் போதும்.”

குமரேசன் வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். “நாளைலர்ந்து ஒனக்கு ரூட் கெடையாது. பாத்துக்கோ.”

“பாத்துக்கறேன்” என்றேன்.

சுவருக்குள்

வரதராஜன் ஒயரை மாற்றச் சம்மதித்து, ஒரு நிபந்தனை போட்டார். சுவரில் உளி படக்கூடாது. பழைய ஒயரின் முனையில் இரண்டு புது ஒயர்களைக் கட்டி, பழையதை அந்தப் பக்கம் இழுத்தால் புதியவை பைப்புக்குள் தானாக வந்துவிடும் என்று விளக்கினேன். ஒன்று நெட்வொர்க்குக்கு, ஒன்று இன்டர்காமுக்கு. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹால் பக்கம் ஒயரைத் தள்ளிவிட உட்கார்ந்தார். நான் படுக்கையறையில் இழுத்தேன்.

பாதியில் மாட்டிக்கொண்டது. பைப் வளையும் இடம். பலமாக இழுத்தால் பழைய ஒயர் அறுந்துவிடும். அறுந்தால் உளிதான் வழி. சுபாஷினி தன் அலமாரியிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். ஹால் பக்கம் போய், வழுக்குவதற்காக ஒயர் முழுக்கப் பூசினேன். வாசம் வீடெல்லாம் பரவியது.

“கொஞ்சம் பின்னால வாங்கிட்டு அப்புறம் தள்ளுங்க சார்.”

“தள்றேன், தள்றேன். நீங்க மெதுவா இழுங்க.”

பின்னால் வாங்கி, தள்ளி, மறுபடி வாங்கி, கடைசியில் வழவழவென்று வழுக்கிக்கொண்டு வந்தது. நான் நிலை தடுமாறிக் கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு புது முனைகளும் என் கையில் இருந்தன.

இரண்டு பக்கமும் ஜாக் அடித்து டெஸ்டர் போட்டோம். சுபாஷினி ஒன்றிலிருந்து எட்டு வரை விடாமல் எண்ணினாள். லிங்க் ஸ்பீடு ஆயிரம் காட்டியது. இன்டர்காமில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர், “இன்னாம்மா, அந்தம்மா இன்னும் வேல செய்துகினு கீதா?” என்று கேட்டார். “செஞ்சு முடிச்சிட்டாங்க” என்றாள். பிறகு நான் கேட்காமலேயே போனைப் பார்த்து ஓடிபியைச் சொன்னாள். மூடும்போது சரியான காரணத்தைத் திரும்ப எழுதினேன். அதன் நகலை அவள் ஆபீஸுக்கு அனுப்பினாள். வீட்டிலிருந்தே வேலையைத் தொடரச் சொல்லிப் பதில் வந்ததாக அந்த வாரக் கடைசியில் போன் செய்தாள்.

மேல் மாடியில் வரதராஜன் வீட்டுச் சாக்கெட்டையும் திறந்தேன். அங்கேயும் அதே நாலுதான். அவர் தன் போனில் படம் எடுத்துச் சங்கத்துக் குரூப்பில் போட்டார்.

அம்பத்தூர் ஆபீஸ்

ரூட் கிடையாது என்று குமரேசன் சொன்னது சும்மா இல்லை. ஒரு வாரம் அம்பத்தூர் ஆபீஸில் சும்மா உட்கார வைத்தார்கள். பழைய ரவுட்டர்களைத் துடைத்து அடுக்கச் சொன்னார்கள். துடைத்தேன். என்னோடு டீ குடிக்கிறவர்கள் கூடக் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் என் கணவர், “ஒரு சாரி சொல்லிட்டு வந்துடேன்” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை.

பிறகு மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், சத்தம் போடுகிறவர் இல்லை.

“டெக்னிகலா நீங்க செஞ்சது சரிம்மா. அத நான் மறுக்கல. ஆனா சூப்பர்வைசர் சொன்னத மீறிட்டீங்க. கஸ்டமர் முன்னாடி கம்பெனிய விட்டுக்குடுத்துட்டீங்க. வருந்துறேன்னு நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. இங்கயே இருந்துக்கலாம்.”

“வருந்தல சார். வருந்தாதத எப்பிடி எழுதறது?”

“ஃபார்மாலிட்டிதாம்மா.”

“சூப்பர்வைசரும் ஃபார்மாலிட்டியாத்தான் எழுதினாரு சார். பிசி பிராப்ளம்னு. அதுல ஒரு பொண்ணு வேல போகப் பாத்துது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். மறுநாள் என்னை வேப்பம்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். திருநின்றவூருக்கும் அப்பால். வீட்டிலிருந்து போகவர நல்ல தூரம்.

திருவேற்காட்டுக் கட்டடத்தில் சங்கம் விடவில்லை. கம்பெனி வீடு வீடாக ஒயர் மாற்றிக் கொடுக்கும்படி ஆயிற்று. அந்த வேலையைப் பக்கத்திலேயே நின்று முடித்துக் கொடுத்தவர் குமரேசன். என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. பேச வேண்டாம். ஆனால் புதிதாகக் கட்டும் இடங்களில் இப்போதெல்லாம் அவரே டெஸ்டரோடு போய் நிற்கிறார் என்று கேள்வி. அது போதும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வேகம் குறைகிறது என்றால் ரவுட்டரோடு நிற்காதீர்கள். மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் வரைக்கும் போங்கள். அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள், பாதி விடை அதில்தான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். இதற்காக உங்களை எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். போடட்டும்.

வேப்பம்பட்டுக்கு அனுப்பினால் நான் அடங்கிவிடுவேன் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கேயும் வீடுகள் இருக்கின்றன. மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுதுகிறேன்.